கேமில கொலைகாரனைப் பிடிக்கிறது ஆர்? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

போன கிழமை எல்.ஏ. நுவார் எண்ட பொலிஸ் வீடியோ கேமைப் பற்றி நீங்கள் எழுதினதை வாசிச்சன். உது துப்பறியிற கேம் இல்லை, துப்பறியிற மாதிரி நடிக்கிற கேம் எண்டு ஒரே வரியில தூக்கி எறிஞ்சிட்டியள், எனக்குச் சரியான கோவம். கம்பசில படிக்கேக்க பெடியளோட சேந்து இரவிரவா இருந்து முடிச்ச கேம் அது. அந்த மாதிரி முகங்கள் எந்தக் கேமில அண்ணை வந்திருக்கு? அதே பதிவில ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஐப் பாதியில விட்டிட்டன் எண்டும் எழுதியிருக்கிறியள். முடிக்காத கேமைப் பற்றிக் கதைக்க என்ன உரிமை? (கோவிக்காதேங்கோ.) லாஸ்ட் ஒஃப் அஸ் மட்டும் அருமை எண்டுறியள், அதிலயும் நாங்கள் ஒண்டையும் தெரிவு செய்யேலாது தானே, அங்க மட்டும் ஏன் உங்களுக்குப் பிழையாத் தெரியேல்லை? சரி, என்ர பழைய லப்டொப்பில ஓடக்கூடிய, உங்கட கணக்கில உண்மையான துப்பறியிற கேம் ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்.

கோண்டாவிலில இருந்து ஒரு வாசகன்

*

தம்பிக்கு வணக்கம்,

கோவிக்க என்ன கிடக்கு, கேமுக்காக ஒருத்தர் உவ்வளவு நீளத்துக்குக் கடிதம் எழுதினதே எனக்குப் புளுகம்.

உரிமைக் கதையை முதல் முடிச்சுவிடுவம். வேலையால வந்து சாப்பிட்டு, வீட்டில சத்தம் அடங்கினாப் பிறகு கொஞ்ச நேரம் விளையாடுற ஆள் நான், சூட்டிங் எல்லாம் ஈசி மோட் தான், அதில வெக்கமும் இல்லை. அப்பிடி ஒரு ஆளை ஒரு கேம் பாதியில எழும்பிப் போக விட்டா அதுவும் அந்தக் கேமைப் பற்றின ஒரு தகவல் தானே. கேம் முடிச்சவைக்கு மட்டும் தான் வாய் எண்டா மிச்சச் சனம் காசைக் குடுத்திட்டுப் பேசாமல் இருக்கிறதோ? 60 டொலர் கேம் ஒண்டு இண்டைக்கு எங்கட காசில 18,000 ரூபாவுக்குக் கிட்ட, அந்தக் காசுக்குக் கொஞ்சம் கதைக்கலாம்.

ரெட் டெட் 2 கூடாத கேம் எண்டு நான் எங்கயும் சொல்லேல்லை. 1899 இல நடக்கிற ஒரு கொள்ளைக் கூட்டத்தின்ர கதை, அதில கதாநாயகன் ஆர்தர் மோர்கன் மாதிரி ஒரு மனுசனை நான் கேமுகளில கனக்கக் கண்டதில்லை, இரவில காம்பில நெருப்பைச் சுத்தி இருந்து அவையள் கதைக்கிறதைக் கேக்கிறதுக்காகவே ஒரு மிஷனும் செய்யாமல் சும்மா நிண்டிருக்கிறன். ஆனா மிஷன் தொடங்கினா அதே கேம் கையைப் பிடிச்சு இழுக்கத் தொடங்கிடும், அவ்வளவு பெரிய வெளியைத் தந்துபோட்டு, சரி நான் பின்பக்கத்தால சுத்தி வந்து அடிப்பம் எண்டு நாலடி அங்கால போனா மிஷன் ஃபெயில் எண்டு வந்து நிக்கும். உதுக்கு மேல எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவு தான்.

இனி உங்கட எல்.ஏ. நுவார். 2011 இல சிட்னியில இருந்த டீம் பொண்டாய் செய்து ரொக்ஸ்டார் வெளியிட்டது, கதை நடக்கிறது 1947 லொஸ் ஏஞ்சல்ஸில. நடிகரை இருத்தி வைச்சு சுத்திவர 32 கமராவால முகத்தைப் பிடிச்சவை. அந்த முகங்கள் இண்டைக்குப் பாத்தாலும் வடிவு தான், அதில உங்களோட எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் அந்த முகத்தை வைச்சு என்னை என்ன செய்யச் சொல்லினம் எண்டதில தான்.

முதல் தடயம் தேடுற கதையைப் பாருங்கோ. கொலை நடந்த வீட்டுக்குள்ள போறம், சாமானுக்குக் கிட்ட வந்தா டிங் எண்டு ஒரு சத்தம், கையில கொன்ட்ரோலர் நடுங்கும், எல்லாம் எடுத்து முடிஞ்சா மியூசிக் நிக்கும், இனி இஞ்ச ஒண்டுமில்லை வெளிக்கிடு எண்டு அர்த்தம். செட்டிங்கில நிப்பாட்டலாம் எண்டு சொல்லப் போறியள், ஓம் நிப்பாட்டலாம், நிப்பாட்டினா என்ன, ஒவ்வொரு போத்தலையும் சிகரட் பெட்டியையும் தூக்கித் தூக்கிப் பாத்துக்கொண்டு நிக்கோணும். எது முக்கியம், எது இல்லை எண்டு நானா யோசிக்க அந்த வீட்டுக்குள்ள ஒண்டும் வைக்கேல்லை.

பேந்து விசாரணை. உண்மை, சந்தேகம், பொய் எண்டு மூண்டு பட்டன். பாவம் இந்த மனிசி எதையோ மறைக்குது, கொஞ்சம் தன்மையாக் கேட்டுப் பாப்பம் எண்டு சந்தேகத்தை அமத்தினா எங்கட ஃபெல்ப்ஸ் ஐயா (நாங்கள் விளையாடுற டிடெக்டிவ்) அந்த மனிசி மேல பாய்ஞ்சு கத்துவார். நான் ஒண்டு நினைச்சு அமத்த அவர் வேற ஒண்டு செய்வார். 2017 இல திரும்ப வெளியிடேக்க அந்தப் பட்டன்களின்ர பேரை மாத்தினவை, கத்திறது மாறேல்லை.

ஆனா எனக்கு உண்மையான பிரச்சினை அதுக்கும் கீழ கிடக்கு. முகத்தைப் பாத்துப் பொய்யைப் பிடிக்கலாம் எண்டதில தான் அந்த முழுக் கேமும் நிக்குது. பொய் சொல்லுறவர் கண்ணை அங்கால இஞ்சால ஓட்டுவார், எச்சில் விழுங்குவார், உண்மை சொல்லுறவர் நேர பாத்துக்கொண்டு இருப்பார். யாழ்ப்பாணத்தில என்ர வயசுக்காரர் ஆராவது உதை நம்புவினமோ தம்பி? செக்பொயின்ரில ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டிக்கொண்டு நிக்கேக்க ஒரு பிழையும் செய்யாத பெடியன் தான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பான், பேரைக் கேட்டாலே அவனுக்கு நாக்குத் தடக்கும், எச்சில் விழுங்குவான். பயந்தவன்ர முகமும் பொய் சொல்லுறவன்ர முகமும் ஒரே முகம். 1979 இல வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தில, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில இருக்கிற ஒருத்தருக்குக் குடுத்த வாக்குமூலத்தைக் கோட்டில சாட்சியமா எடுக்கலாம் எண்டு எழுதிக்கிடக்கிற நாடு இது. அப்பிடி ஒரு நாட்டில இருந்துகொண்டு, மேசைக்கு மற்றப் பக்கத்தில இருந்து வெருட்டி எடுத்த ஒப்புதலுக்கு கேம் அஞ்சு ஸ்டார் போடேக்க எனக்குக் கை தட்ட வராது. உதை அவுஸ்திரேலியாவில இருந்து கேம் செய்த பெடியளுக்கு நான் குற்றமாச் சொல்லேல்லை, நான் எங்க இருந்து விளையாடுறன் எண்டதைத் தான் சொல்லுறன்.

இன்னொண்டு, இனி வாறது எல்.ஏ. நுவார் கதையின்ர முடிச்சு, விளையாடாத ஆக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ. கொலைப் பிரிவுக்குப் போனாப் பிறகு ஒவ்வொரு கேசிலயும் ஒருத்தரைப் பிடிச்சு உள்ள போடுறம், கடைசியில பாத்தா அந்தப் பிடிபட்டவை ஒருத்தரும் செய்யேல்லை, எல்லாத்துக்கும் ஒரே ஆள் தான் காரணம். யோசனை நல்ல யோசனை. ஆனா எனக்கு உந்தச் சந்தேகம் இடையிலயே வந்திட்டுது, அதைச் சொல்ல ஒரு பட்டனும் இல்லை! ரெண்டு பேர் முன்னுக்கு நிக்கினம், ரெண்டு பேரும் இல்லை எண்டு எனக்குத் தெரியுது, ஒருத்தரைக் குற்றம் சாட்டு எண்டு கேம் பிடிவாதமா நிக்குது. அங்க பிழை விட்டது நானில்லை, என்னைக்கொண்டு பிழை விடுவிச்சவை. துப்பறியிற கேம் எண்டு பேர் வைச்சா குறைஞ்சது என்ர பிழையையாவது என்ர பிழையா விட வேணும்.

இதில தான் உங்கட லாஸ்ட் ஒஃப் அஸ் கேள்விக்கும் மறுமொழி கிடக்கு. 2013 இல வந்த முதலாவதைச் சொல்லுறன். கடைசியில அந்த ஆஸ்பத்திரிக்குள்ள கதாநாயகன் ஜோல் செய்யிற கொலையளை நாங்கள் தான் பட்டன் அமத்திச் செய்யோணும், வேண்டாம் எண்டு திரும்பிப் போக வழி இல்லை, எனக்குக் கை கூசிச்சு, எண்டாலும் செய்தன். அது சரி தான் எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, அந்த மனுசன் ஆர், மகளைப் பறிகுடுத்த ஆள் எங்க வரைக்கும் போவான் எண்டதைத் தொடக்கத்தில இருந்தே அந்தக் கேம் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தது. முடிவு அவன்ர முடிவு, நான் கையை மட்டும் தான் குடுத்தன். அக்சன் கதையில உது காணும். துப்பறியிறதில காணாது, ஏனெண்டா அங்க விளையாட்டே யோசிக்கிறது தான், யோசிக்கிறதையும் கேமே செய்துபோட்டுது எண்டா பிறகு நான் என்னத்துக்கு அதுக்குள்ள? ஃபெல்ப்ஸின்ர கதையா மட்டும் அதைச் சொல்லியிருந்தா, பொலிஸ் படம் பாக்கிற மாதிரிப் பாத்திட்டு நானும் பாராட்டிப்போட்டுப் போயிருப்பன்.

உதுக்காக அக்சன் கேமுக்குள்ள துப்பறியவே ஏலாது எண்டில்லை. 2015 இல வந்த விட்சர் 3 ஐ எடுங்கோ. அதிலயும் சிவப்பா மினுங்கிற அடிச்சுவட்டுக்குப் பின்னால போறது தான் கூடுதலா, எனக்கு அது அலுப்பு. எண்டாலும் நொவிகிராட் நகரத்தில தொடர் கொலைக் கேஸ் ஒண்டு வரும், அதில அவசரப்பட்டு, கையும் களவுமாப் பிடிச்சம் எண்டு நினைச்சு ஒருத்தனை வெட்டிப்போட்டா கேஸ் முடிஞ்சுது எண்டு வரும், கேம் தன்ர பாட்டுக்குப் போகும், ஆனா உண்மையான ஆள் தப்பியிட்டான். கேம் உங்களை மறிக்காது. அந்த ஒரு சின்னக் கேசில எல்.ஏ. நுவார் முழுக்க நான் தேடினது கிடக்கு.

டிஸ்கோ எலிசியம் பற்றி நீங்கள் கேக்கேல்லை, வேற ரெண்டு பேர் கேட்டவை, அதால ஒரு சொட்டு. எஸ்தோனியாக்காரர் செய்து 2019 இல வந்தது, பத்து லட்சம் சொல்லுக்கு மேல இங்கிலீஷ், அகராதியைப் பக்கத்தில வைச்சுத் தான் நான் போனது. தொடங்கின உடன சுத்திற ஃபானில தொங்குற தன்ர டையை எடுக்கப் போயே நெஞ்சு வெடிச்சுச் செத்துப் போகக்கூடிய ஒரு டிடெக்டிவ். கொலைகாரன் ஆர் எண்டதை முன்கூட்டியே நாங்களா யோசிச்சுப் பிடிக்கக்கூடிய மாதிரி வைக்கேல்லை, அந்தக் கணக்கில அது நல்ல துப்பறியிற கேம் இல்லை, ஆனா அதுக்கு அந்தக் கவலையும் இல்லை. அந்த ஆளின்ர மண்டைக்குள்ள இருபத்திநாலு குரல் சண்டை பிடிக்கிறதைக் கேக்கத் தான் போறது.

உண்மையான துப்பறியிற கேம் எண்டு நான் கை வைச்சுச் சொல்லக்கூடியது ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின். லூகஸ் போப் எண்ட ஒரு ஆள் செய்தது, 2018. 1802 இல லண்டனில இருந்து கிழக்கு நோக்கி வெளிக்கிட்டுக் காணாமல் போன கப்பல் 1807 இல உயிரோட ஒரு மனுசனும் இல்லாமல் ஃபல்மத் துறைமுகத்தில வந்து நிக்குது, கிழக்கிந்தியக் கொம்பனியின்ர காப்புறுதி ஆள் நாங்கள், 60 பேருக்கும் என்ன நடந்தது, ஆர் ஆர், ஆர் கொலை செய்தது எண்டு ஒரு புத்தகத்தில எழுதோணும். படம் எல்லாம் பழைய கொம்பியூட்டர் மாதிரி வெறும் ரெண்டு நிறம். செத்தவையின்ர உடம்புக்குக் கிட்ட ஒரு மந்திரக் கடிகாரத்தைக் கொண்டு போனா அவை செத்த கணம் கண்ணுக்கு முன்னால நிக்கும். டிங் சத்தம் இல்லை. ஒருத்தன் கதைக்கிற பாஷை, காலில போட்டிருக்கிற சப்பாத்து, படுக்கிற தொட்டில் துணியில இருக்கிற நம்பர், ஆரோட ஆர் ஒட்டிக்கொண்டு திரியினம், உதுகளை வைச்சுத் தான் பேர் கண்டுபிடிக்கிறது. மூண்டு பேரின்ர கதையைச் சரியா எழுதினாத் தான் கேம் ஓம் எண்டு சொல்லும், அதால சும்மா குத்துமதிப்பில எழுதித் தப்பேலாது.

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில கூட நான் அந்தக் கேமை விளையாடினனான், கொம்பியூட்டர் நிண்டு போச்சு, நான் கொப்பியில பேர் எழுதி வெட்டிக்கொண்டு இருந்தன். எல்.ஏ. நுவாரை அப்பிடி ஒருநாளும் விளையாடேலாது.

அந்தக் கப்பலில இந்தியாவில இருந்து வந்த மாலுமியளும் இருக்கினம். அவையளின்ர பேரை வைச்சே ஆள் ஆர் எண்டு பிரிக்கேக்க எனக்கு வல்வெட்டித்துறை தான் ஞாபகம் வந்தது. அங்க கட்டின அன்னபூரணி எண்ட கப்பல் ஒரு அமெரிக்கர் வாங்கி, பேர் மாத்தி, 1938 இல மாசசூசெட்ஸ் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேந்தது எல்லே, அந்தப் பயணத்தில ஆர் என்ன செய்தது, ஆர் ஆரோட கோவிச்சது எண்டு எங்கட பெடியள் ஆராவது உப்பிடி ஒரு கேம் செய்தா நான் ஈசி மோட் இல்லாமலே விளையாடுவன். கொலை ஒண்டும் வேண்டாம் (ஒண்டு இருந்தாலும் பரவாயில்லை).

கடைசியா உங்கட லப்டொப். ஒப்ரா டின் பெரிய கிராபிக்ஸ் கார்ட் கேக்காது எண்டாலும், உங்கட மெஷின் அதுக்கும் முக்கிற ஆள் எண்டா ஹெர் ஸ்டோரிக்குப் போங்கோ, சாம் பார்லோ செய்தது, 2015. புருசனைக் காணேல்லை எண்டு வந்த ஒரு பெண்ணை 1994 இல பொலிஸ் விசாரிச்ச வீடியோ துண்டுகள், அவ்வளவு தான் கேம். நீங்கள் ஒரு சொல்லை ரைப் பண்ணித் தேடுறது, அந்தச் சொல் எத்தினை துண்டில வந்தாலும் முதல் அஞ்சு மட்டும் தான் பாக்கலாம், அதால அடுத்து எந்தச் சொல்லைத் தேடுறது எண்டு மண்டையைப் போட்டு உடைக்கோணும். பொலிஸ் கேக்கிற கேள்வி கேக்காது, அந்த மனிசி சொல்லுற மறுமொழி மட்டும் தான், அவ பொய் சொல்லுறாவோ பயப்பிடுறாவோ எண்டு சொல்லித் தர ஆரும் இல்லை, முடிஞ்சாப் பிறகும் சரி பிழை எண்டு ஒண்டும் சொல்ல மாட்டினம். ஸ்டீமில சேல் போடேக்க சரியான மலிவாக் கிடைக்கும். யூரியூப்பில விளக்கம் பாக்காதேங்கோ. முடிச்சிட்டு என்ன நடந்தது எண்டு நீங்கள் நினைக்கிறதை எழுதி அனுப்புங்கோ, அதுக்குப் பிறகு நான் என்ர முடிவைச் சொல்லுறன், இஞ்ச நானும் என்ர மனிசியும் அதில இன்னும் ரெண்டு கட்சி.