ஹெபடைடிஸ் சி இருக்குற அத்தாவுக்கு பிளேட்லெட் 78,000 தான் இருக்கு, பப்பாளி இலைச்சாறு குடுத்தா ஏறுமா?

கீழக்கரையில இருந்து கேட்டிருக்கீங்க, டெங்கு இல்லன்னுட்டாங்க, ஆனாலும் ரெண்டு மாசமா பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்குற அணு) ஏறலன்னு. தயவுசெஞ்சு அந்த நம்பர ஏத்துறதுலயே நாள கடத்தாதீங்க. எங்க தாய்மாமா விஷயத்துல ஏழு மாசம் நாங்க அப்படித்தான் விட்டோம், அந்த வருத்தம் இன்னும் போகல.

நாங்க பாம்பன். மாமா விசைப்படகுல போறவரு. மீன்பிடி தடைக்காலத்துல கரையில இருந்தப்ப காய்ச்சல் வந்து ரத்தம் பாத்தோம், 71,000. காய்ச்சல் மூணு நாள்ல விட்டுருச்சு, பிளேட்லெட் மட்டும் அங்கயே நின்னுச்சு. மாமி தெனம் காலைல பப்பாளி இலைய இடிச்சு புழிஞ்சு குடுப்பாக, ஞாயித்துக்கெழமன்னா சுவரொட்டி வாங்கி வறுத்து வச்சு "ரத்தம் ஊறும், சாப்புடுங்க"ம்பாக. பக்கத்துல பாத்த கிளினிக்ல சத்து மாத்திரைய மாத்தி மாத்தி எழுதுனாங்களே தவிர கல்லீரல் பக்கம் யாரும் திரும்பல. கடைசியில பல்லு புடுங்கப் போய் ரத்தம் நிக்காம, அந்த பல் டாக்டரம்மா தான் ஹெபடைடிஸ் பி, சி ரெண்டும் பாக்கச் சொன்னாங்க. சி பாசிட்டிவ். 1996ல ஒரு ஆபரேஷனுக்கு அவருக்கு ரத்தம் ஏத்திருக்கு, தானம் குடுக்குற ரத்தத்துல சி வைரஸ் டெஸ்ட் நம்ம நாட்டுல கட்டாயமானதே 2001ல தான், அதுல வந்திருக்கலாம்னாங்க.

மதுரையில டாக்டர் எங்களுக்கு வெளங்குற மாதிரி சொன்னாரு. ஆட்டுல சுவரொட்டின்னு வாங்குறோமே அதுதான் மண்ணீரல். நல்லா இருக்குற ஆளுக்கே மொத்த பிளேட்லெட்ல மூணுல ஒரு பங்கு அதுக்குள்ள தான் தங்கி நிக்கும். வைரஸ் வருஷக்கணக்கா அரிச்சு கல்லீரல் இறுகிப் போச்சுன்னா குடல்ல இருந்து வர்ற ரத்தம் அதுக்குள்ள பூராம முட்டும், அழுத்தம் பின்னாடி மண்ணீரலுக்கு போயி அது வீங்கி பிளேட்லெட்ட உள்ள இழுத்து வச்சுக்கும், ரத்தத்துல எண்ணிப் பாத்தா கம்மியா காட்டும். அது போக, பிளேட்லெட் உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு சேதி அனுப்புற த்ராம்போபாய்ட்டின்ங்கிற ஹார்மோன செய்யுறதே பெரும்பாலும் கல்லீரல் தான், அதுவும் கொறஞ்சு போகும். சில பேருக்கு வைரஸால உடம்பே பிளேட்லெட்ட எதிரின்னு அழிக்கவும் செய்யும். இதுல எதையும் பப்பாளி இலை சரி பண்ணாதுங்க. டெங்குல சில நாள்ல எறங்கி சில நாள்ல தானா ஏறிரும், இது வருஷக்கணக்கா மெதுவா எறங்குறது. அத்தாவோட பழைய ரத்த ரிப்போர்ட் வீட்ல எங்கயாவது கெடந்தா தேடி எடுங்க, 2 லட்சம், 1.4 லட்சம்னு படிப்படியா கொறஞ்சிருந்தா டாக்டருக்கு அது பெரிய துப்பு.

மாமாவுக்கு ஸ்கேன்ல மண்ணீரல் பெருசா இருந்துச்சு, எண்டோஸ்கோப்பில உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் அதே அழுத்தத்துல பொடச்சு வெடிக்குற மாதிரி நின்னுச்சு. அந்தக் குழாய ரப்பர் வளையத்தால இறுக்கி பேண்டு போட்டாங்க. நடுக்கடல்ல அது ஒடஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு இப்பவும் வயித்த கலக்குது. அதனாலதான் சொல்றேன், அத்தாவுக்கு வயித்து ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன், எண்டோஸ்கோப்பி தேவையான்னு கல்லீரல் டாக்டர்ட்ட இந்த வாரமே கேளுங்க.

வைரஸுக்கு பயப்படாதீங்க. முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசி, அதுவே பிளேட்லெட்ட இன்னும் கொறைக்கும், 70,000ல இருக்குறவங்களுக்கு போடவே தயங்குவாங்க. இப்ப வாயால சாப்புடுற மாத்திரை, மாமாவுக்கு சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் 12 வாரம், முடிச்சு இன்னொரு 12 வாரம் கழிச்சு பாத்தப்ப வைரஸ் இல்ல. 2018ல ஆரம்பிச்ச தேசிய ஹெபடைடிஸ் திட்டத்துல டெஸ்டும் மருந்தும் இலவசம், ராம்நாடு அரசு ஆஸ்பத்திரில விசாரிங்க, எங்க குடுக்குறாங்கன்னு சொல்லுவாங்க.

வைரஸ் போன ஒடனே பிளேட்லெட் குதிச்சு ஏறும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. மாமாவுக்கு ஒரு வருஷத்துல 96,000 வந்துச்சு, அதுக்கு மேல பெருசா ஏறல, மண்ணீரல் பழைய அளவுக்கு சுருங்கல. கல்லீரல் இறுகுனவங்களுக்கு வைரஸ் போனாலும் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்குறதால ஆறு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன் எடுக்கணும், படகு போற நாளா இருந்தாலும் அவர எறக்கி கூட்டிட்டு போயிருவோம்.

கல்லீரல் டாக்டர பாக்குற வரைக்கும் மேல் வலிக்குன்னு அத்தாவுக்கு புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கடையில வாங்கிக் குடுக்காதீங்க. தாரு மாதிரி கருப்பா மலம் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ விடியட்டும்னு காத்திருக்காம 108க்கு போன் பண்ணுங்க.