இணையதளத்துக்கான கோப்புகள், ஃபோல்டர்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது? தமிழில் வைக்கலாமா?

லேப்டாப்பில் எல்லாப் படங்களும் வருகின்றன, சர்வரில் ஏற்றினால் சில மட்டும் வருவதில்லை என்கிறீர்கள். முதலில் பெயரில் உள்ள ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸுக்கோ அவை இரண்டு வேறு கோப்புகள். பல கேமராக்கள் ஜேபிஜி என்ற கடைசி மூன்றெழுத்தைப் பெரிய எழுத்தில் வைக்கும். நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். லேப்டாப் கண்டுகொள்ளாது, சர்வர் 404, அதாவது ‘கோப்பு இல்லை’ என்று காட்டிவிடும். மேக்கும் இதில் வழக்கமாக விண்டோஸ் கட்சிதான். அதில் சோதித்துப் பார்த்தேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஃபோல்டர் உட்பட எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் வைத்துவிடுங்கள். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்தினால், பெயரை விண்டோஸில் மாற்றாமல் கிட் எம்வி (git mv) கட்டளையால் மாற்றுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மட்டும் மாறியதை கிட் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இடைவெளி வேண்டாம். முகவரியில் அது %20 ஆகிவிடும். அப்படி ஆகாமல் வாட்ஸப்பில் போனாலோ லிங்க் பாதியில் அறுந்துவிடும். சொற்களுக்கு நடுவே ஹைஃபன் (-) போடுங்கள். கூகுளும் அண்டர்ஸ்கோரைவிட (_) ஹைஃபனைத்தான் பரிந்துரைக்கிறது.

தமிழில் வைத்தால் வேலை செய்யும். ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் %20 போல மூன்றெழுத்தாகும், ஆக 9 எழுத்து. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 'அம்மா' என்ற சின்னச் சொல்லே 45 எழுத்தாக நீளும். பிரவுசர் அழகாகத் தமிழில் காட்டும், காப்பி செய்து ஒட்டினால்தான் சதவீதக் குறிகளாகக் கொட்டும். இன்னொரு வில்லங்கம்: 'கொ' என்பதைக் க-வோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு வேறு வேறு. கட்டுரையின் முகவரி தமிழில் இருப்பது எனக்குப் பிடிக்கும். படங்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் ஆங்கில எழுத்தே போதும்.

தேதி சேர்த்தால் ஆண்டு முதலில் வரட்டும்: 2025-01-14. அப்போதுதான் பட்டியல் தானாக வரிசைப்படும். 'ஃபைனல்', 'புதுசு' போன்ற பெயர்கள் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அப்புறம், தளம் வெளியான பிறகு பெயரைத் தொடாதீர்கள். நல்ல முகவரி மாறக் கூடாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதியிருக்கிறார். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக அனுப்பும் 301 ரீடைரக்ட் வைத்துவிட்டு மாற்றுங்கள்.