வாசகர் கேள்வி பதில்: கதையில் வரும் வாள் எவ்வளவு கனம்?

கேள்வி: மாயாஜாலத் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன் மேடம். நாயகி ஒல்லியான இளம்பெண். பதினைந்து கிலோ வாளை அவள் சுழற்றிச் சண்டை போடுகிறாள் என்று எழுதினால் நம்புவார்களா?

பதில்: நாயகி இருக்கட்டும், வாளை மாற்றுங்கள். பதினைந்து கிலோ வாளோடு எந்த வீரனும் போருக்குப் போகவில்லை. இடைக்கால ஐரோப்பாவின் ஒற்றைக்கை வாள் பெரும்பாலும் 1 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இரு கையால் பிடிக்கும் நீள்வாள் 1.5 கிலோவை ஒட்டி வரும். ஜப்பானியக் கட்டானா 1 கிலோ சொச்சம். கிட்டத்தட்ட ஆள் உயரம் இருந்த 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வாள்கள்கூட 2 முதல் 3.5 கிலோதான். அதைவிடக் கனமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஊர்வலங்களில் ஏந்திப் போவதற்காகச் செய்தவை.

நான் உலோகவியல் ஆய்வகத்தில் பாடம் நடத்துகிறேன், மாலையில் நீள்வாள் பயிற்சிக்குப் போகிறேன். புதிதாக வருபவர் கையில் பயிற்சி வாளைக் கொடுத்தால் “இவ்வளவுதானா?” என்பார். கொஞ்ச நேரத்தில் முன்கை வலிக்கிறது என்பார். இரண்டுமே சரி. 1.5 கிலோவைத் தூக்குவது பெரிய வேலை இல்லை. ஒரு மீட்டருக்கு நீண்டிருக்கும் 1.5 கிலோவை வேகமாகக் கிளப்பி, நினைத்த இடத்தில் நிறுத்தி, உடனே வேறு பக்கம் திருப்புவதுதான் வேலை. இதில் மொத்த எடையைவிட, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நல்ல நீள்வாளின் அலகை (வெட்டும் பகுதியை) விரல்மேல் வைத்தால், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்காக இருக்கும் கைக்காப்பிலிருந்து 5 முதல் 12 செ.மீ. தூரத்துக்குள் சமமாக நிற்கும். அலகு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதும், பிடியின் கடைசியில் குமிழ் இருப்பதும் அதற்காகத்தான். அதே எடையை நுனிப்பக்கம் தள்ளிப் பாருங்கள், வாள் கைக்கு அடங்காது.

அதனால் உங்கள் நாயகிக்குப் புஜபலம் தேவையில்லை. கால் வைப்பு, எதிரிக்கும் தனக்கும் உள்ள தூரம், நேரம் பார்த்து நகர்வது, இவைதான் தேவை. ஐ.33 என்ற எண்ணால் அறியப்படும் சுவடி ஒன்று இங்கிலாந்தின் அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கிடைத்துள்ள ஐரோப்பிய வாட்பயிற்சிச் சுவடிகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண், வாளும் சிறு கேடயமுமாக ஒரு பாதிரியாரை எதிர்த்து நிற்கிறாள். உங்கள் நாயகியைத் தைரியமாக எழுதுங்கள். ஆனால் அவளுக்கு மூச்சு வாங்கட்டும், தோள் கனக்கட்டும். பக்கம் பக்கமாகக் களைக்காமல் சண்டை போடுபவள் மேல் எனக்குப் பயமும் வருவதில்லை, பரிவும் வருவதில்லை.

கேள்வி: நாயகன் முதுகில் கட்டியிருக்கும் நீண்ட வாளைச் சட்டென்று உருவுவது சாத்தியமா?

பதில்: இல்லை. கை எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவுதான் வாள் உறையைவிட்டு வெளியே வரும். 90 செ.மீ. அலகென்றால் பாதி வழியில் சிக்கி நிற்கும். பயணத்தில் முதுகில் சுமக்கலாம். சண்டை வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே இறக்கி இடுப்புக்கோ கைக்கோ கொண்டுவர வேண்டும். அந்த இறக்கி வைக்கும் நேரத்தையே காட்சியாக எழுதலாமே!

கேள்வி: இரும்புக் கவசத்தோடு சேர்த்து எதிரியை ஒரே வீச்சில் பிளப்பதாக எழுதினேன். நண்பன் கேலி செய்கிறான்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. எஃகுத் தகட்டுக் கவசத்தை வாள் வெட்டாது. சங்கிலிக் கவசமும் வீச்சை நன்றாகவே தாங்கும். வெறும் உடம்பை வெட்டவே, வாளின் கூர் வீச்சின் திசையோடு நேராகப் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் வெட்டுக்குப் பதில் அடிதான் விழும். கவசக்காரனோடு மோதும்போது வாளை ஒரு கையால் அலகின் நடுவிலேயே பிடித்து, அக்குள், முகமூடி இடுக்கு என்று நுனியைச் செலுத்தினார்கள். சில நேரம் அலகை இரு கையாலும் பிடித்து, குமிழால் சம்மட்டி மாதிரி அடித்தார்கள். பழைய பயிற்சிச் சுவடிகளில் இதற்குப் படங்களே உண்டு. இன்னொன்று: 1361இல் ஸ்வீடனின் விஸ்பி நகருக்கு வெளியே நடந்த போரில் இறந்தவர்களின் புதைகுழிகளைத் தோண்டியபோது, வெட்டுக்காயங்களில் நிறையவும் முழங்காலுக்குக் கீழே இருந்தன. கதைகளில் காலை யாரும் வெட்டுவதே இல்லை.

கேள்வி: தங்க வாள், நெருப்பு எரியும் வாள், இவற்றில் எது நம்பும்படி இருக்கும்? உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி வாள் செய்வதாகக் காட்டலாமா?

பதில்: என் மனதுக்குப் பிடித்த கேள்வி. வாளுக்குக் கடினமும் வேண்டும், வளைந்து நிமிரும் குணமும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். கொல்லரின் திறமை முழுவதும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. பெரும்பாலும் 0.5 முதல் 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகை அடித்து வடிவாக்கி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று தோய்க்கிறார்கள். அந்த நிமிடத்தில் வாள் மிகக் கடினம். கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையலாம். பிறகு 200, 300 டிகிரிக்கு மெதுவாகச் சூடாக்கிப் பதம் கொண்டுவந்தால்தான் வளைத்தாலும் நிமிரும். ஐரோப்பிய வாள்கள் இப்படி முழு அலகும் வில்போல் துள்ளும்படி செய்யப்பட்டவை. கட்டானாவில் கூர் ஓரம் மட்டும் மிகக் கடினம், முதுகு மென்மை. தவறாக அடித்தால் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

அச்சில் ஊற்றுவது வெண்கல வாளுக்குப் பொருந்தும். வார்ப்பிரும்பு வாள் முதல் மோதலிலேயே நொறுங்கும். தங்கம் எஃகைப்போல் இரண்டரை மடங்கு கனம், அதோடு மிருது, அரசவையில் வைத்துக்கொள்ளட்டும். நெருப்பு வாளை எழுதுங்கள். ஆனால் வெறும் எஃகானால், அலகு 500 டிகிரியைத் தாண்டும்போதே கடினம் வெகுவாகக் குறைந்துவிடும், உருகவே வேண்டாம். மந்திரம் அந்தப் பதத்தைக் காப்பாற்றுகிறது என்று ஒரு வரி சேர்த்தால் எனக்குப் போதும்.

அப்புறம், சண்டைக்குப் பிறகு வாள் பளபளவென்று இருக்க வேண்டாம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி நெய் பூசி அரண்மனையில் இருப்பதையும், அதியமானின் ஆயுதங்கள் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார். போர்க்களம் பார்த்த ஆயுதத்தை அப்படித்தான் எழுத வேண்டும்.

கேள்வி: உறையிலிருந்து உருவும்போது ‘ஷ்ஷிங்’ என்று சத்தம் வருமா?

பதில்: மரமும் தோலும் சேர்ந்த உறையானால் லேசான உரசல் சத்தம்தான். உலோக உறையானால் கொஞ்சம் கேட்கும். ஒவ்வொரு முறையும் கணீரென்று ஒலித்தால், கூர் உறையில் உரசி மழுங்குகிறது என்று அர்த்தம். உறை செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.