மார்ச் நீரில் ட்ரவுட் எங்கே நிற்கிறது? ரட்லண்ட் படகுத் தூண்டில் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் குவாஷ் ஆற்றின் பள்ளத்தாக்கை எம்பிங்காம் ஊரருகே அணையிட்டு 1970களில் உருவாக்கிய நீர்த்தேக்கம் ரட்லண்ட் வாட்டர். பரப்பு ஏறத்தாழ 3,100 ஏக்கர். ஹாம்பிள்டன் தீபகற்பம் நடுவே நீண்டு, மேற்குப் பாதியை வடகிளை, தென்கிளை என்று பிரிக்கிறது. இளவேனில் தொடக்கத்தில் ட்ரவுட் மீனுக்காக அங்கே படகெடுத்து, ஒன்றிரண்டு கொத்துகளோடு கரை திரும்பிய அன்பர்கள் கேட்டவற்றுக்கு, பல ஆண்டுகளாக அதே நீரில் ஃப்ளை (இறகால் கட்டிய போலிப் பூச்சி) வீசி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (லெஸ்டர்): ஐயா, மார்ச் கடைசி வாரத்தில் நானும் நண்பரும் எட்டு மணி நேரம் படகில் இருந்தோம். பதினான்கு ஃப்ளைகளை மாற்றிப் பார்த்தோம். இரண்டே முறைதான் ஏதோ தொட்டது. எந்த ஃப்ளையைக் கட்டியிருக்க வேண்டும்?

பதில்: பதினான்கு ஃப்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அவற்றை எத்தனை அடி ஆழத்தில் இழுத்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. என் பதில் அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் காற்று கலக்கிவிட்ட நீர், மார்ச்சில் மேலிருந்து அடிவரை கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில், 5 அல்லது 6 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஆதலால் இன்ன ஆழத்தில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் மீனுக்கு இல்லை. நான்கடியிலும் நிற்கலாம், இருபதடியிலும் நிற்கலாம். குளிரில் அதன் செரிமானம் மந்தமாகிவிடுவதால் தொலைவில் போகும் இரையைத் துரத்தவும் அது முனைவதில்லை. வாய்க்கு நேராக, மெதுவாக வருவதைத்தான் எடுக்கும். நீங்கள் கட்டிய முதல் ஃப்ளையே போதுமானதாக இருந்திருக்கலாம். அது மீனின் தலைக்கு மேல் ஆறடியில் போய்க்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை ஒரே ஃப்ளையை வைத்துக்கொண்டு ஆழத்தை மாற்றுங்கள்.

கேள்வி (நாட்டிங்காம்): ஆழத்தை மாற்று என்கிறீர்கள். நீருக்குள் ஃப்ளை எங்கே இருக்கிறது என்று படகில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பதில்: எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்கும் லைன்களின் (தூண்டில் கயிறுகளின்) பெயரில், டிஐ என்பதற்குப் பின் உள்ள எண், அது வினாடிக்கு ஏறத்தாழ எத்தனை அங்குலம் இறங்கும் என்பதைக் குறிக்கிறது. டிஐ 3 லைனை வீசி 20 எண்ணினால் சுமார் 5 அடி. டிஐ 7 லைனில் அதே 20 எண்ணினால் சுமார் 12 அடி. முதல் வீச்சில் 5, அடுத்ததில் 10, பிறகு 15 என்று ஏற்றிக்கொண்டே போய், கொத்து விழுந்த எண்ணை மனத்தில் இருத்தி, அடுத்த வீச்சிலும் அதே எண்ணில் நிறுத்துங்கள். படகில் இருவர் இருந்தால் ஒருவர் மேல்நீரையும் மற்றவர் அடிநீரையும் தேடலாம். ஓர் ஏப்ரல் காலையில் நான் பத்து எண்ணிப் பகல் ஒரு மணிவரை எதுவும் காணாமல் இருந்தேன். அதே படகில், அதே ஃப்ளையோடு இருபத்தைந்து எண்ணிய நண்பர் அதற்குள் மூன்று மீன் எடுத்திருந்தார்.

எண்ணுவதைக் கெடுப்பது படகின் ஓட்டம். காற்றோடு மிதக்கும் படகு, முன்னால் வீசிய ஃப்ளையை நோக்கியே போகிறது. காற்று கூடினால் லைன் தொய்ந்துவிடாமல் இருக்க நீங்கள் வேகமாக இழுத்தாக வேண்டும். மார்ச் மீனுக்கு அந்த வேகம் ஆகாது. ட்ரோக் எனப்படும் துணிக்குடையைப் படகின் பின்புறம் நீரில் இறக்கினால் ஓட்டம் பாதியாகக் குறையும். அதுவும் போதாத நாளில் நங்கூரமிடுங்கள்.

கேள்வி (பீட்டர்பரோ): கிழக்குக் காற்று அடித்தால் வீட்டிலேயே இருந்துவிடு என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். உண்மையா?

பதில்: கிழக்குக் காற்று மனிதனுக்கும் ஆகாது, விலங்குக்கும் ஆகாது என்று ஆங்கிலேயரிடம் ஒரு பழமொழி உண்டு. நம் கொண்டல் மழை கொண்டுவரும் காற்று; இவர்களுடைய கிழக்குக் காற்றோ, மார்ச்சில் ஐரோப்பியப் பெருநிலத்தின் குளிரைச் சுமந்து வடகடலைக் கடந்து வருவது. மேல்நீர் அதில் மேலும் குளிர்ந்துவிடும். தென்மேற்குக் காற்று மிதமானது. அது இரண்டு நாள் தொடர்ந்தால் மூன்றாம் நாள் விடுப்பெடுத்துப் போகலாம். கிழக்கு வீசும் நாளிலும் நான் போகிறேன். அணை கிழக்கு முனையில் இருப்பதால் அதை ஒட்டிய நீர் ஒதுக்கமாக இருக்கும். அங்கே வேகமாக மூழ்கும் லைனோடு ஆழத்தில் தேடுவேன். வெயில் தெளிந்தால், தெற்குப் பார்த்த கரைகளின் ஆழமற்ற விரிகுடாக்கள் நண்பகலுக்குமேல் ஓரிரு டிகிரி சூடேறும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (கவன்ட்ரி): ஐயா, சிறுவயதில் மேட்டூர் அணையில் அப்பாவுடன் பரிசலில் போய் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டவன் நான். இவ்வளவு குளிரில் ட்ரவுட்டுக்குத் தின்ன என்ன கிடைக்கும்? அந்த இறகுப் பூச்சியை அது எதற்கு எடுக்கிறது?

பதில்: உங்களுக்குப் பழக்கமான கெண்டை வகைகள் வெந்நிலத்து மீன்கள். ட்ரவுட் குளிர்நீருக்கென்றே ஆன மீன். நம் பக்கத்தில் நீலகிரியின் உயரத்தில்தான், அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து, அதை வளர்க்க முடிந்தது. எனினும் 5 டிகிரியில் அதற்கும் பசி குறைவுதான்.

என்ன தின்கிறது என்பதை மீனே காட்டும். சாப்பாட்டுக்கென்று எடுத்துக்கொண்ட மீனின் தொண்டை வழியாக நீண்ட குறுகிய கரண்டியை இரைப்பைவரை செலுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து, அதில் வந்ததை நீர் ஊற்றிய வெள்ளைக் கிண்ணத்தில் அலசிப் பாருங்கள். பிசின்போல் ஒட்டிக் கிடந்தது மெல்லப் பிரியும். நகத்து அழுக்களவே உள்ள கருப்புக் கூட்டுப்புழுக்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒதுங்கும். அவற்றின் தலைப்பக்கத்தில் வெள்ளைத் துய் தெரியும். ஆங்கிலத் தூண்டில்காரர்கள் பஸ்ஸர் என்று சொல்லும் கொசுவை ஒத்த பூச்சியின் கூட்டுப்புழு அதுதான். நடுவே குருதிப்புழு ஒன்று சிவப்பாக நெளியும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் அதற்கும் அந்த நிறத்தைத் தருகிறது. உயிர்வளி குறைந்த அடிச்சேற்றில் வாழ அது உதவுகிறது. மரத்துகள் ஒட்டிய கூண்டுப்புழுக்களும் நீர்ப்பேன்களும் இருந்தால், அந்த மீன் தரையை உரசியே மேய்ந்திருக்கிறது என்று பொருள். உங்கள் ஃப்ளையும் அங்கேதான் போக வேண்டும். கிண்ணத்தில் எதுவுமே இல்லையென்றால் அது அண்மையில் பண்ணையிலிருந்து விடப்பட்ட மீனாக இருக்கலாம். அத்தகையவை அசைவதைக் கண்டு ஆவலாலேயே கவ்வும்.

கேள்வி (லெஸ்டர்): நிறம்?

பதில்: கருப்பு, வாலில் சிறிது பச்சை. நீர் கலங்கியிருந்தாலும் கருப்பின் உருவம் தெரியும். தெளிந்த நீரில் வெள்ளையும் எடுக்கும். இதற்குமேல் நிறத்தில் நேரம் செலவிடாதீர்கள்.

கேள்வி (நார்தாம்ப்டன்): தொடுவது தெரிகிறது, கோலைத் தூக்கினால் எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கிடைப்பதே மூன்று கொத்து. மூன்றையும் விட்டுவிட்டால் மனம் பொறுப்பதில்லை.

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. குளிர்நீரில் மீன் ஓடிவந்து அடிப்பதில்லை; பின்னால் நீந்தி வந்து வாயால் சற்றே பற்றிப் பார்க்கும். விரலிடுக்கில் ஓடும் லைன் ஈரத்துணியில் உரசியதுபோல் சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். அந்நேரம் கோலைத் தூக்கினால் ஃப்ளை மேலே தாவிவிடும். கோலின் நுனியை நீரைத் தொட்டாற்போல் தாழ்த்தி வைத்துக்கொண்டு, இழுக்கும் கையாலேயே தொடர்ந்து இழுங்கள்; கனம் நிலைத்த பிறகு கோலை உயர்த்துங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், லைனில் நான்கைந்து மீட்டர் மிச்சமிருக்கும்போது, கோலை மெல்ல உயர்த்தி, ஃப்ளைகளை அசையாமல் நிறுத்திப் பத்து எண்ணுங்கள். அடியிலிருந்து தொடர்ந்து வந்த மீன், இரை மேலே போய் நிற்பதைக் கண்டு அங்கேதான் முடிவெடுக்கும். மார்ச்சில் நான் எடுக்கும் மீன்களில் பல படகின் விளிம்பருகே கிடைத்தவை. படகின் தரையில் பெட்டியை இழுத்து ஓசையெழுப்பக் கூடாது என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

கேள்வி (பிரிஸ்டல்): சூ வேலி ஏரிக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: முழுவதும் பொருந்தாது. 1956இல் திறக்கப்பட்ட அந்த ஏரி ரட்லண்டைவிட மிக ஆழம் குறைந்தது. ஆதலால் விரைவில் சூடேறும், புழுக்களும் முந்தி எழும். அங்கே டிஐ 7 பெரும்பாலும் தரையைத்தான் வாரும். மிதக்கும் லைனின் முனையில் நீண்ட தூண்டில் நரம்பு கட்டி, பஸ்ஸர் ஃப்ளையை இழுக்காமல் காற்றின் போக்கில் விடுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): பன்னிரண்டு வயது மகனை ஏப்ரலில் முதன்முறையாகப் படகில் அழைத்துப் போகலாமா, அண்ணா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். இங்கிலாந்தில் 13 வயது நிறையும்வரை தூண்டில் உரிமம் தேவையில்லை; உங்களுக்கு உரிமமும், அதற்குமேல் நீர்த்தேக்கத்தின் அனுமதிச் சீட்டும் வேண்டும். உயிர்காப்பு உடுப்பை அவன் உடல் அளவுக்குச் சரியாகப் பார்த்து, கரையிலேயே பூட்டிவிடுங்கள். இந்தக் குளிர்நீரில் விழுந்தவுடன் மூச்சு திணறித் தன்னையறியாமல் நீரை இழுத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அப்படித்தான். படகில் ஒருவரும் எழுந்து நின்று வீச வேண்டாம். காலை முழுவதும் அவனைக் குளிரில் வைத்திருக்காமல், பகல் பதினொன்றரைக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குத் திரும்புங்கள்; மீன் கொத்தும் நேரமும் பெரும்பாலும் அதுவே. எண்ணும் வேலையை அவனிடம் கொடுங்கள். அவன் வாய்விட்டு எண்ணட்டும், நீங்கள் வீசுங்கள். கொத்து விழுந்த எண்ணை அவன் மறக்கவே மாட்டான்.