மலையகப் பாடல்களில் 'ஊர்' என்பது எது: தமிழ்நாடா, இலங்கையா?

எந்தக் காலத்துப் பாட்டு என்பதைப் பொறுத்தது. 1820களில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலைநாடான மலையகத்துக் கோப்பித் (காப்பி) தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்களுக்குக் கண்டிச் சீமை சம்பாதித்துவிட்டுத் திரும்பும் இடம்தான். ஊர் கடலுக்கு இக்கரையில் இருந்தது. பலர் அறிந்த ஒரு பாட்டில் ஒருவர் ஊரை இழந்தேன், ஒற்றைப் பனைத் தோப்பை இழந்தேன், கண்டிக்கு வந்து பெற்ற தாயையே மறந்தேன் என்று புலம்புவார். அந்தப் பனையைக் கவனியுங்கள். 'தாய்மண்' என்று பொதுவாகச் சொல்லாமல், குளிர்மலையில் வளராத ஒரு மரத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது பாட்டு. எனக்கு அதுதான் உயிர்நாடி.

அப்புறம் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. பெரட்டு (காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் வரிசை), கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), கொழுந்துக் கூடை, லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை) எல்லாம் பாட்டில் ஏறின. அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்களுக்கு அந்த லயம்தான் ஊர். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. நீலகிரிக்கு வந்து மறுபடி கொழுந்து பறித்தவர்களை இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள்.