குக்கருக்கு எதற்கு ஊட்டி?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயதில் அம்மா. கல்யாணமாகி 11 வருஷத்தில் வெளியூரில் தங்குகிற மாதிரி ஒரு டூர் போனதில்லை. போன வருஷம் மைசூருக்குப் போய் அன்றைக்கே திரும்பினோம், அதில் சாப்பாட்டுக்கே ஏகமாய்ப் போய்விட்டது. இந்த டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஊட்டி போக நினைக்கிறோம். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் பழைய காரிலேயே கிளம்பினால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம். ஊட்டியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காட்டேஜ் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. முழுப் பணத்தையும் இப்போதே ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். குளிருக்குக் கரி அடுப்பு தருவார்களாம், சமைத்துக்கொள்ளவும் விடுவார்களாம். அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் வெளிச்சாப்பாடு சரிப்படாது. மனைவியும் இண்டக்ஷன் அடுப்பு, குக்கர், அரிசி, புளிக்காய்ச்சல் எல்லாம் எடுத்து வருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். இன்னும் எப்படிச் செலவைக் குறைத்துப் பத்திரமாகப் போய்வரலாம்?

- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: தம்பி, செலவைப் பற்றியும் பத்திரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தும் என் கண் அந்தக் குக்கரைத் தாண்டிப் போக மறுக்கிறது.

'அவளே சொல்லிவிட்டாள்.' சரி. மைசூரில் சாப்பாட்டுக்கே ஏகமாய்ப் போய்விட்டது என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத எனக்கே இதை எழுதுகிறீர்கள் என்றால் வீட்டில் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பீர்கள்? ஓட்டலில் பில் வந்தபோது உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும்? பதினோரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியாதா? டூர் என்ற பேச்சை எடுத்ததுமே அடுப்பைத் தூக்கி வருகிறேன் என்கிறாள். அது ஆசையில் வந்த பேச்சு இல்லை, பில்லுக்குப் பயந்து வந்த பேச்சு.

டிசம்பர் ஊட்டி எப்படி இருக்கும் தெரியுமா? விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. நீங்களும் பிள்ளைகளும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, அந்தப் பெண் ஐந்தரை மணிக்கு எழுந்து ஐஸ் மாதிரித் தண்ணீரில் அரிசி களைய வேண்டும். காட்டேஜில் பாத்திரம் விளக்கத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அனேகமாகப் பாத்ரூம் குழாயடிதான். தாவரவியல் பூங்காவில் எல்லோரும் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும்போது, மத்தியானத்துக்குச் சாதம் வைக்கணுமே, கிளம்பலாமா என்று முதலில் எழுந்திருக்கப் போகிறவளும் அவள்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனோம். சத்திரத்தில் ஒரே அறை. பம்ப் ஸ்டவ், மண்ணெண்ணெய் டின், ஸ்டவ் பின் வரைக்கும் மூட்டையில் வந்தது. கோயிலின் 22 தீர்த்தத்திலும் நாங்கள் வாளி வாளியாய் நனைந்து கூச்சல் போட்டுவிட்டு வந்தபோது, அம்மா சத்திரத்து மூலையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து, ராமேஸ்வரத்தில் உனக்கு என்னம்மா ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். "அந்தச் சத்திரத்துக் குழாயில தண்ணி உப்புக் கரிக்கும். பருப்பே வேகல" என்றார். அப்பா கஞ்சர் இல்லை, நல்ல மனுஷர். அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். 68 வயதில் அம்மாவை வீட்டில் விட்டுவிடாமல் கூடவே கூட்டிப் போகிறீர்களே, அதற்கு உங்களை மெச்சுகிறேன். இப்போதெல்லாம் பலர் செய்வதில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிள்ளை செய்ய வேண்டியதை மருமகள் கையால் செய்துவிட்டுக் கடமையை முடித்ததாகக் கணக்கு எழுதக்கூடாது. இட்லியும் சாம்பாரும் கிடைக்காத சீமைக்கா போகிறீர்கள்? சர்க்கரைக்காரர்களுக்கு வெளியூரில் சிக்கலே நேரம் தவறுவதுதான். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனாலும், பழக்கமில்லாமல் மேட்டில் அதிகம் நடந்தாலும் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்த்துக் கை நடுங்கினால் அப்போது பத்தியம் பார்க்கக்கூடாது, உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். அதையும் மாத்திரைகளையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். அந்தப் பை மூன்று நாளும் உங்கள் தோளில் தொங்கட்டும்.

கணக்குக்கும் வருகிறேன். சாதாரண மெஸ்ஸில் ஐந்து பேருக்கு மூன்று வேளைக்கும் நாள் ஒன்றுக்கு 1,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளுக்கு 4,500. மூட்டை கட்டிக்கொண்டு போகிற அரிசி, பருப்பு, எண்ணெயும் காசுதான். அதைக் கழித்தால் மிஞ்சுவது மூவாயிரம். இந்த மூவாயிரத்துக்காகத்தான் ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் வெளியே, சமைக்க விடுகிற இடமாகத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். அங்கிருந்து தினமும் கார் எடுத்துப் போய்வருகிற பெட்ரோலை யார் கணக்கில் எழுதுவது? பெங்களூரிலிருந்து ஊட்டி போய்வரவே 550 கிலோமீட்டர் ஆகும். பழைய கார், மலை ஏற்றம், நாலாயிரத்துக்குக் குறையாது. அதற்கு மேல் டோல்.

அந்தக் காட்டேஜ் எனக்குப் பிடிக்கவே இல்லை. வருஷக் கடைசியில் மலையூர் முழுக்க வாடகை ஏறிக் கிடக்கும்போது ஒருவர் மட்டும் எதற்குப் பாதி விலைக்குத் தருகிறார்? அதுவும் முழுப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு? நல்ல அறைகளின் படங்களை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுக் காசு பறிக்கிற கூட்டத்தின் வழக்கமான பேச்சு இது. நேரில் போய்ப் பார்க்காத இடத்துக்கு ஒரு சிறு முன்பணத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் கூச்சப்படாமல் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

கரி அடுப்பு விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரியை மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமும் நிறமும் கிடையாது. தூக்கத்தில் போனவர்களுக்கு, போகிறோம் என்பதே தெரிந்திருக்காது. குளிர்காலத்தில் மலையூர்ச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. குளிருக்குப் போர்வை கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிப் பயணத்துக்கு நான் தடை சொல்ல வேண்டியதே இல்லை, வழியில் இருக்கிற பந்திப்பூர் காட்டுச் சாலையின் கேட்காரர்கள் சொல்லிவிடுவார்கள். இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். யானையும் மானும் அடிபடுகின்றன என்று 2009 முதல் இருக்கிற தடை. எட்டு மணிக்கு ராமமூர்த்தி நகரில் கிளம்பினால் ஒன்பது மணிக்கு நீங்கள் பெங்களூரு டிராஃபிக்கைவிட்டே வெளியே வந்திருக்க மாட்டீர்கள். அப்புறம் காட்டுக்கு முந்தின ஊரான குண்டுலுப்பேட்டையில் ரோட்டோரம் காரை நிறுத்தி, சர்க்கரைக்கார அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் உட்கார்ந்தபடியே தூங்க வைத்து, அதைத்தான் ஒரு நாள் வாடகை மிச்சம் என்கிறீர்கள். கேட் திறந்தாலும் ராத்திரி கண் விழித்தவர் ஓட்ட வேண்டியது மலைப்பாதை. மசினகுடி வழியாகப் போனால் கல்லட்டியில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு. போதாததற்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. காரை விடமாட்டேன் என்றால் காலை வெளிச்சத்தில் கிளம்பிப் பகலிலேயே காட்டைத் தாண்டுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த டிசம்பருக்கு ஊட்டியே வேண்டாம். கோடை விடுமுறையிலும் வருஷக் கடைசியிலும் அங்கே போகிறவர்கள் பார்ப்பது பாதி மலை, பாதி பம்பர். ஏலகிரிக்குப் போங்கள். நம் ஊரிலிருந்து சென்னைப் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. உட்கார்ந்து போகிற இரண்டாம் வகுப்பில் ஐந்து பேரும் போய்வர, உங்கள் பெட்ரோல் கணக்கில் பாதிகூட ஆகாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். கிறிஸ்துமஸை ஒட்டிய சனி ஞாயிறு வேண்டாம், திங்கள் முதல் புதன் வரை பாருங்கள். லீவு போட மனசு வரவேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து மலைக்கு 20 கிலோமீட்டர்போல இருக்கும், ஆட்டோவோ டாக்ஸியோ பேசிக்கொள்ளலாம். மொத்தமே 14 வளைவு. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். கன்னடமும் இங்கிலீஷும் படித்து வளர்கிற உங்கள் ஒன்பது வயதுக்காரர் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வரட்டும். ஊட்டியின் உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான் என்பதால் நடுக்குகிற குளிர் கிடையாது. புங்கனூர் ஏரியில் படகு உண்டு. அம்மா கரையில் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். தனியார் இடங்களில் நம்பிக்கை வரவில்லை என்றால் அரசு சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். இரண்டு அறையாக எடுங்கள். ஒரே அறையில் ஐந்து பேரைப் போட்டு அதிலும் ஒரு மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும், தோன்றக் கூடாது.

இன்னொன்று. சாப்பாட்டுக்கு 5,000 ரூபாயைக் கிளம்புகிற அன்றைக்கே ரொக்கமாக உங்கள் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். எங்கே சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். பில்லை வாங்கிப் பார்க்காதீர்கள். மீதி எவ்வளவு என்று கேட்காதீர்கள். மைசூர்ப் பேச்சே வரக்கூடாது.

இண்டக்ஷன் அடுப்பும் குக்கரும் ராமமூர்த்தி நகரிலேயே இருக்கட்டும். புளிக்காய்ச்சல் மட்டும் வரலாம், ரயிலில் புளிசாதம் இல்லாமல் நம்மவர்கள் பயணம் போனதாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் இந்தத் தடவை அதைக் கிளறுவது நீங்கள். முதல் நாள் சாயங்காலமே புளியை ஊற வைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள், பெருங்காயத்தை மறக்காதீர்கள், மிளகாய் கருகுவதற்கு முன்னால் கரைசலைக் கொட்டிவிட வேண்டும்.