58, 131, மறுபடி 58: அச்சுப் பிழையா?

அத்தியாய எண்கள் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகின்றனவே என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை, நாவலை முடித்துவிட்டீர்கள். அர்ஜென்டினா எழுத்தாளர் கொர்த்தாஸாரின் 'மரெல்' நாவலில் 58-ஆம் அத்தியாயம் முடிந்ததும் 131-க்கும், அங்கிருந்து திரும்ப 58-க்கும் அனுப்புவது அவர் வேண்டுமென்றே போட்ட சுற்று. தலைப்பின் பொருளே நம் பாண்டியாட்டம்தானே!

ரோஸ்ஹில் கடையில் வாங்கிய பழைய பிரதி என்பதால் தாள் விட்டுப்போயிருக்குமோ என்று தோன்றியிருக்கும். எதற்குப் பின் எதைப் படிப்பது என்று சொல்லும் முன்பக்கத்து வரிசைப் பட்டியலைப் பாருங்கள், அதுவும் 58-131 என்றுதான் முடியும். 55 அதில் இருக்காது. அப்புறம் அதற்கும் கடைக்காரரைத் திட்ட வேண்டாம்.

தலை சுற்றினால் 1 முதல் 56 வரை நேராகவே படிக்கலாம், கொர்த்தாஸாரே சொன்ன வழிதான். ஆனால் மிச்சம் 99 அத்தியாயங்கள் போய்விடும். எனக்கு அவற்றில் பாதி சலிப்பு. மொரெல்லி என்ற கிழ எழுத்தாளர் வரும் பகுதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.